பைட்டர் குட்டிகளுக்கு வீட்டிலேயே புழு வளர்ப்பது எப்படி?

பைட்டர் மீனை ஜோடி சேர்ப்பதற்கு முன்பே படிக்க வேண்டிய விஷயம் இது. முட்டையிட்ட பிறகு படித்தால் பாதிப் பயன்தான். கணக்கைப் பாருங்கள்: முட்டை ஒன்றரை இரண்டு நாளில் பொரிந்துவிடும். அடுத்த இரண்டு மூன்று நாள் குட்டிகள், ஆண் மீன் கட்டிய நுரைக்கூட்டுக்கு அடியில் தொங்கிக்கொண்டிருக்கும். அப்புறம் படுக்கைவாட்டில் நீந்தத் தொடங்கும். அன்றைக்கே அவற்றின் வாய்க்குள் போகிற அளவில், அசைகிற உணவு வேண்டும். பொடித்த தீவனத்தைப் போட்டால் பெரும்பாலான குட்டிகள் திரும்பிக்கூடப் பார்க்காது. அந்த உணவுக்காகப் புழு வளர்க்கும் பெட்டி தயாராவதற்கோ ஒரு வாரமாவது ஆகும்.

இன்னொரு சிக்கல், இணையத்தில் கிடைக்கிற குறிப்புகளில் பெரும்பகுதி குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. அவர்கள் அறையின் வெப்பம் 20, 22 டிகிரி. மதுரையிலோ திருச்சியிலோ மே மாதம் மின்விசிறிக்குக் கீழேயே 35 டிகிரி இருக்கும். அவர்கள் ஒரு மாதம் வைத்திருக்கும் பெட்டி நம் வீட்டில் பத்து நாளில் நாறிவிடும். அதைப் பார்த்துவிட்டு "நமக்கு இது வராது" என்று விட்டவர்கள் நிறையப் பேர். நம் ஊர்ச் சூட்டுக்கு ஏற்ற வழியை நானும் அலைந்துதான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

1. எந்தப் புழு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கப்பி, மோலி, பிளாட்டி வளர்ப்பவர் என்றால் இந்த வேலையே தேவையில்லை. அவை போடும் குட்டிகள் பெரியவை. முதல் நாளிலிருந்தே நன்றாக நுணுக்கிய தீவனமும், ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலின் குஞ்சும் தின்னும்.

முட்டையிடும் சிறிய மீன்களான பைட்டர், கௌராமி, டெட்ரா, கோரிடோராஸ் போன்றவற்றுக்குத்தான் புழு. அதில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

மைக்ரோவார்ம்: 1 முதல் 2 மில்லிமீட்டர் நீளம், தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. ஓட்ஸ் கஞ்சியில் வளரும். முட்டையிடாமல் நேராகக் குட்டி போடும் என்பதால் பெருக்கம் மிக வேகம். புதிதாகத் தொடங்குபவர் இதில்தான் தொடங்க வேண்டும்.

வினிகர் ஈல்: ஏறக்குறைய அதே நீளம், இன்னும் ஒல்லி. வினிகரில் வாழும். பெருக மூன்று நான்கு வாரம் எடுத்துக்கொள்ளும், ஆனால் மாதக் கணக்கில் திரும்பிப் பார்க்காமல் விட்டாலும் சாகாது.

கிரிண்டல் வார்ம்: ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான, வெள்ளை நிறமான புழு. வளர்ந்த மீனுக்கும், ஒரு மாதம் தாண்டிய குட்டிக்கும் ஏற்றது.

வெள்ளைப் புழு என்று இன்னொன்றையும் விற்கிறார்கள். அதற்கு 20 டிகிரிக்குக் கீழே குளிர்ச்சி வேண்டும். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் முயலட்டும், சமவெளிக்காரர்கள் காசைக் கரைக்க வேண்டாம்.

கடையில் கிண்ணத்தில் சிவப்பாக நெளியுமே, டியூபிஃபெக்ஸ், அது சேர்ந்து கிடைப்பது சாக்கடை கலந்த நீரின் சேற்றில். மீன் ஆசையாகத் தின்னும், கூடவே நோயும் வந்து சேரலாம். பல நாள் ஓடும் தண்ணீரில் அலசி வளர்ந்த மீனுக்குக் கொடுப்பவர்கள் உண்டு. குட்டித் தொட்டிக்குள் நான் அதை விடமாட்டேன்.

2. ஸ்டார்ட்டர் வாங்குவது

ஸ்டார்ட்டர் என்பது பெட்டியைத் தொடங்கி வைக்கும் உயிருள்ள புழுக் கலவை. அக்கம்பக்கத்தில் வளர்ப்பவர் யாராவது இருந்தால் ஒரு ஸ்பூன் கேட்டு வாங்குங்கள். அதுவே முதல் தரம். வாரத்துக்கு ஒருமுறை பழைய கஞ்சியைக் குப்பையில் கொட்டுபவர் அவர், ஒரு ஸ்பூனுக்குக் கணக்குப் பார்க்கமாட்டார். சென்னைக்காரர்கள் கொளத்தூர்ப் பக்கம் விசாரிக்கலாம். கடையைவிட, பின்னால் தொட்டி கட்டி மீன் வளர்ப்பவர்களிடம் கேட்பது பலன் தரும்.

கூரியரில் வாங்கினால் மைக்ரோவார்ம் ஸ்டார்ட்டருக்கு 100 முதல் 200 ரூபாய் கேட்பார்கள். கூரியர் செலவு பல சமயம் புழுவின் விலையைத் தொட்டுவிடும். பணம் அனுப்புமுன் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்:

என்றைக்கு அனுப்புவார்? திங்கள், செவ்வாய் என்றால் சரி. வெள்ளிக்கிழமை அனுப்பினால் ஞாயிறு முழுக்க ஏதோ ஒரு கிடங்கில் வெந்துகொண்டிருக்கும். எனக்கு ஒருமுறை அப்படி வந்த டப்பாவில் புழுவே இல்லை, புளித்த நாற்றம் மட்டும்தான். பொங்கல், தீபாவளி வாரங்களிலும் வேண்டாம். ஏப்ரல் முதல் ஜூன் வரை, உள்ளூரில் நேரில் போய் வாங்க முடிந்தால் மட்டுமே வாங்குங்கள்.

செத்து வந்தால் மாற்றித் தருவாரா? தருகிறேன் என்பவர்களும் பார்சலைப் பிரிக்கும் வீடியோ கேட்பார்கள். டேப்பை வெட்டுவதிலிருந்து மூடியைத் திறப்பது வரை நிறுத்தாமல் எடுத்து வையுங்கள். பணம் கட்டியதற்கான ஸ்கிரீன்ஷாட், கூரியர் எண், இந்த வீடியோ ஆகிய மூன்றும்தான் இந்த வியாபாரத்தில் உங்கள் கையில் இருக்கும் ஆவணம்.

வெளிநாட்டுத் தளங்களில் விதவிதமான வகைகளைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். உயிருள்ளவற்றை இறக்குமதி செய்ய அனுமதி வேண்டும். அது இல்லாமல் தபாலில் வருவது சுங்கத்திலேயே நின்றுபோகும்.

டப்பா வந்ததும் மூடியைத் திறந்து செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். கஞ்சியின் மேற்பரப்பு மினுமினுவென்று அலைபாய்ந்தால் புழு உயிரோடு இருக்கிறது. கஞ்சி பழுப்பாகி நீர்த்துப்போயிருந்தாலும் பயப்பட வேண்டாம், மினுக்கம் இருந்தால் போதும். அன்றே புதுக் கஞ்சிக்கு மாற்றிவிடுங்கள்.

3. சாமானும் செலவும்

ஹோட்டல் பார்சலில் வரும் 500 மில்லி பிளாஸ்டிக் டப்பா மூன்று. வீட்டிலேயே கிடக்கும். சாதாரண ஓட்ஸ், சின்னப் பாக்கெட் போதும். மசாலா ஓட்ஸ் கூடவே கூடாது, அதில் உப்பும் எண்ணெயும் காரமும் இருக்கிறது. பேக்கரிச் சாமான் விற்கும் கடையில் உலர் ஈஸ்ட் சின்னப் பாக்கெட். காது குடையும் பஞ்சுக்குச்சி, ஒரு டிராப்பர், பெயின்ட் அடிக்கும் சின்னத் தூரிகை. ஸ்டார்ட்டரையும் கூரியரையும் கழித்துவிட்டால் மொத்தம் 150 ரூபாய்க்குள் முடிந்துவிடும். அப்புறம் மாதச் செலவு என்று பார்த்தால் இரண்டு பிடி ஓட்ஸ்தான். "மைக்ரோவார்ம் கிட்" என்று தனியாக விற்பதை வாங்காதீர்கள். உள்ளே இருப்பதும் டப்பா, ஓட்ஸ், ஈஸ்ட்தான்.

4. பெட்டி போடுவது

அரை கப் ஓட்ஸைத் தண்ணீர் விட்டு வேகவைத்துக் குழையுங்கள். உப்பு, பால், சர்க்கரை எதுவும் வேண்டாம். பதம்தான் முக்கியம்: இட்லி மாவைவிடக் கெட்டியாக, ஸ்பூனைக் கவிழ்த்தால் உடனே விழாத அளவுக்கு இருக்க வேண்டும். தண்ணீராக இருந்தால் மேலே நீர் தேங்கி, காற்று கிடைக்காமல் புழு சாகும். தவறித் தளர்ந்துவிட்டால் பச்சை ஓட்ஸை மேலே தூவிக் கலந்துவிடுங்கள், ஊறி இழுத்துக்கொள்ளும்.

டப்பாவில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்புங்கள். நிறையப் போட்டால் நிறையப் புழு வரும் என்று தோன்றும். வராது. புழு மேற்பரப்பில்தான் இருக்கும், அடியில் இருக்கும் கஞ்சி புழுங்கி அழுகத்தான் செய்யும். கோடையில் அதைவிடவும் மெல்லியதாகப் பரப்புங்கள்.

முழுதாக ஆறட்டும். கை வைத்தால் சூடே தெரியக் கூடாது. ஒரு சிட்டிகை ஈஸ்ட்டைத் தூவி, நடுவில் ஒரு ஸ்பூன் ஸ்டார்ட்டரை வைத்து லேசாகப் பரப்பிவிடுங்கள், கிளற வேண்டாம். புழு தின்பது ஓட்ஸையும்விட, அதில் வளரும் ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும்தான். அதனால்தான் ஈஸ்ட் போட்ட பெட்டி முந்திக்கொள்கிறது.

டப்பாவின் உள்சுவரில் மேற்பாதியை ஈரத்துணியால் துடைத்துச் சுத்தமாக வையுங்கள். புழு ஏறி வருவது அந்தச் சுவரில்தான். கஞ்சி ஒட்டியிருந்தால் அறுவடையில் கஞ்சியும் சேர்ந்து வரும்.

மூடியில் ஊசியைச் சுடவைத்து ஏழெட்டு ஓட்டை போடுங்கள். அதன் மேல் மெல்லிய துணியையோ மருந்துக் கடையில் கிடைக்கும் காகிதப் பிளாஸ்டரையோ ஒட்டிவிடுங்கள். துணியில்லாத ஓட்டை வழியாகப் பழ ஈ நுழைந்துவிடும்.

மூன்று முதல் ஐந்து நாளில் சுவரில் வெள்ளைப் படலம் ஏறத் தொடங்கும். புளித்த ஈஸ்ட் வாசனை வரும், அது இருக்க வேண்டிய வாசனைதான். முகத்தைத் திருப்ப வைக்கும் அழுகல் நாற்றம் வந்தால் பெட்டி கெட்டுவிட்டது.

5. எறும்பு, ஈ, சூடு

நம் ஊரில் புழுப் பெட்டியை அழிப்பது இந்த மூன்றும்தான்.

எறும்புக்கு நம் வீட்டுப் பழைய வழியே போதும்: தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் பெட்டி. பெட்டி சுவரைத் தொடக் கூடாது. தட்டுத் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். எறும்புப் பொடி, சாக்பீஸ், கொசு ஸ்பிரே எதையும் பெட்டிப் பக்கமோ தொட்டிப் பக்கமோ கொண்டுவராதீர்கள்.

ஈ முட்டையிட்டுவிட்டால் கஞ்சிக்குள் அரிசி போன்ற புழுக்கள் நெளியும். அது மைக்ரோவார்ம் "பெரிதாக வளர்ந்தது" அல்ல. சுத்தமான சுவர்ப்பகுதியிலிருந்து மட்டும் கொஞ்சம் வழித்துப் புதுப்பெட்டி போட்டுவிட்டு, பழையதை மூடியோடு கட்டிக் குப்பையில் போடுங்கள். பூஞ்சை பிடித்தாலும் இதேதான். தொடங்கிய இரண்டாம் நாளில் ஒரு ஓரத்தில் மட்டும் பூஞ்சை தெரிந்தால், ஸ்பூனால் எடுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஸ்டார்ட்டர் சேர்த்துப் பாருங்கள். புழு பெருகினால் பூஞ்சை பெரும்பாலும் அடங்கிவிடும்.

சூடுதான் பெரிய எதிரி. மைக்ரோவார்முக்கு 20 முதல் 28 டிகிரி வரை சுகம். 30ஐத் தாண்டினால் கஞ்சி கெடும் வேகம் புழு பெருகும் வேகத்தை மிஞ்சிவிடும். வீட்டில் வெயில் படாத, கல் தரை உள்ள மூலை எதுவோ அதைத் தேர்ந்தெடுங்கள். கட்டிலுக்கு அடி நல்ல இடம், வீட்டார் சம்மதித்தால். ஃபிரிட்ஜின் தலையில் வைக்காதீர்கள், அங்கே எப்போதும் சூடு. உள்ளே வைத்தால் இனப்பெருக்கம் நின்றுபோகும்.

கோடைக்கு ஒரு வழி: அகலமான மண் சட்டியில் மணலைப் போட்டு நனைத்து, அதன் மேல் பெட்டியை வைத்து, காற்று வரும் நிழலில் வையுங்கள். மணல் ஈரம் ஆவியாகும்போது சட்டிக்குள் சில டிகிரி குறையும். மதுரை, திருச்சி, வேலூர் போன்ற வறண்ட காற்றுள்ள ஊர்களில் இது நன்றாக வேலை செய்கிறது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் ஆவியாவது குறைவு, பலனும் குறைவு. அங்கே பெட்டியை அடிக்கடி மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

6. பெட்டியில் தேதி எழுதுங்கள்

மூடியில் மார்க்கரால் பெட்டி போட்ட தேதியை எழுதுங்கள். கூடவே "மீன் உணவு, தூக்கிப் போடாதீர்கள்" என்றும் எழுதுங்கள். கெட்டுப்போன ஓட்ஸ் என்று நினைத்து யாராவது கழுவி வைத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கும்.

ஒரே பெட்டியை நம்பி இருக்கவே கூடாது. ஒரு பெட்டி முதல் வாரம் ஏறும், இரண்டாம் வாரம் உச்சத்தில் இருக்கும், மூன்றாம் வாரம் இறங்கும். கோடையில் இந்த மூன்று வாரம் பத்துப் பன்னிரண்டு நாளாகச் சுருங்கிவிடும். ஆகவே எப்போதும் மூன்று பெட்டி: ஒன்று புதியது, ஒன்று அறுவடையில், ஒன்று பழையது. மழைக்காலத்திலும் மார்கழியிலும் பத்து நாளுக்கு ஒருமுறை புதுப்பெட்டி போட்டால் போதும். மார்ச் முதல் ஜூலை வரை வாரத்துக்கு ஒருமுறை. புதுப்பெட்டிக்கு விதை எடுப்பது உச்சத்தில் இருக்கும் பெட்டியிலிருந்துதான். சாகப்போகும் பெட்டியிலிருந்து எடுத்தால் அதன் கெட்ட பாக்டீரியாவையும் சேர்த்தே குடிவைக்கிறீர்கள்.

மூன்றையும் ஒரே இடத்தில் வைக்காமல் ஒன்றை வேறு அறையில் வையுங்கள். எறும்பு வந்தாலும் எல்லாம் ஒரே இரவில் போகாது.

7. ஜோடி சேர்க்கும் நாளைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

ஸ்டார்ட்டர் வந்த நாளில் முதல் பெட்டி. எட்டாம் நாள் அதிலிருந்து இரண்டு புதிய பெட்டிகள். அவை மினுங்கத் தொடங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஆணையும் பெண்ணையும் ஒன்றாக விட வேண்டும். ஸ்டார்ட்டர் வந்ததிலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று நாள் ஆகியிருக்கும். அதற்குள் ஜோடிக்கு நல்ல உணவு கொடுத்துத் தயார்ப்படுத்தவும் அவகாசம் கிடைக்கும், ஆகவே அது வீண் காத்திருப்பும் அல்ல. ஜோடி சேர்ந்து முட்டையிட்டதிலிருந்து நான்கைந்து நாளில் குட்டிக்குப் பசிக்கும், பெட்டிகளும் உச்சத்துக்கு வந்திருக்கும்.

வினிகர் ஈலும் வேண்டுமானால் அதை ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

8. எடுப்பதும் ஊட்டுவதும்

சுவரில் ஏறிய படலத்தைப் பஞ்சுக்குச்சியால் வழித்து, ஒரு சின்னக் கிண்ணத்துத் தண்ணீரில் கலக்குங்கள். ஐந்து நிமிடத்தில் புழு அடியில் படியும். மேல் நீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். பிறகு டிராப்பரால் தொட்டியில் நாலைந்து இடங்களில் சொட்டுங்கள்.

அளவு? நூறு குட்டிக்கு முதல் நாள் ஒரு பஞ்சுக்குச்சி முனையில் ஒட்டுவது போதும். கண்ணாடிபோல் இருக்கும் குட்டியின் வயிறு வெளுத்து உருண்டிருந்தால் தின்றுவிட்டது என்று அர்த்தம். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், வயிறு ஒட்டியிருந்தால் இன்னொரு தடவை. ஒரேயடியாகக் கொட்டாமல் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளையாகக் கொடுங்கள்.

மைக்ரோவார்ம் நீந்தாது, அடியில் போய் விழுந்து நெளியும். நன்னீரில் அரை நாள் போல உயிரோடிருக்கும். மிஞ்சியது செத்து, மீனுக்கு நஞ்சான அம்மோனியாவாகும். குட்டி கூட்டமாகச் செத்தால் பலர் புழுவைச் சந்தேகிக்கிறார்கள், உண்மையில் பல தடவை தண்ணீர்தான் காரணம். எனவே குட்டித் தொட்டியில் கல்லும் மணலும் வேண்டாம், புழு இடுக்கில் புகுந்து அழுகும். அடி வெறுமையாக இருக்கட்டும். தண்ணீர் ஒரு சாண் உயரத்துக்கு மேல் வேண்டாம். ஏர் பம்ப்பை மிக மெதுவாக, குமிழி ஒவ்வொன்றாக எண்ணுகிற அளவுக்கு வைத்தால் புழு கொஞ்சம் மிதந்து சுற்றும். தினமும் ஏர் டியூப்பால் அடியை உறிஞ்சி எடுத்து, அதே சூட்டில் வைத்திருந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக நிரப்புங்கள். உறிஞ்சிய தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கள், அதில் இரண்டு மூன்று குட்டிகளும் வந்திருக்கும்.

மைக்ரோவார்மை மட்டுமே வாரக்கணக்கில் கொடுத்த பைட்டர் குட்டிகளுக்கு அடிவயிற்றுத் துடுப்பு சரியாக வளர்வதில்லை என்று வளர்ப்பவர்கள் பலர் சொல்கிறார்கள். சத்துக் குறைவு என்கிறார்கள் சிலர், தொட்டியின் அடியில் சேரும் அழுக்கு என்கிறார்கள் வேறு சிலர். எதுவாக இருந்தாலும் தீர்வு ஒன்றே: முதல் வாரம் முடிவதற்குள் ஆர்ட்டீமியாக் குஞ்சையும் தொடங்கிவிடுங்கள். ஆர்ட்டீமியா முட்டை, லிட்டருக்கு 25 கிராம் உப்புப் போட்ட தண்ணீரில், காற்று விட்டால், 28 டிகிரியில் 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். நம் ஊர்ச் சூடு இந்த ஒரு விஷயத்தில் நமக்குச் சாதகம்.

9. வினிகர் ஈல்: கைவசம் ஒரு காப்பு

ஆப்பிள் சிடார் வினிகரும் தண்ணீரும் சரிபாதி, தோல் சீவிய ஆப்பிள் துண்டு ஒன்று, ஸ்டார்ட்டர். பாட்டில் வாயில் துணி கட்டி அலமாரியில் வைத்துவிடுங்கள். வேலை அவ்வளவுதான். கோடையில் கஞ்சிப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கெடும்போது கைகொடுப்பது இதுதான். கடையில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளை வினிகரில் சத்து ஒன்றும் இல்லை, அதை மட்டும் நம்ப வேண்டாம்.

எடுப்பதில் மட்டும் கொஞ்சம் நுணுக்கம் உண்டு. வினிகரோடு தொட்டியில் ஊற்றக் கூடாது. கழுத்து குறுகலான கண்ணாடி பாட்டிலில் கழுத்தடி வரை புழு வளரும் வினிகரை ஊற்றி, வினிகரைத் தொடுகிற மாதிரி பஞ்சை அடைத்து, பஞ்சின் மேல் நல்ல தண்ணீர் விடுங்கள். காற்றுக்காகப் புழு பஞ்சைத் துளைத்து மேலே வரும். மறுநாள் மேல் தண்ணீர் கலங்கலாக அசையும், டிராப்பரால் எடுத்து ஊட்டலாம். இது நீரின் நடுவிலேயே நீந்தும், நாட்கணக்கில் சாகாது. குட்டி நீந்தத் தொடங்கும் முதல் இரண்டு மூன்று நாளுக்கு மைக்ரோவார்மைவிட இதுவே மேல் என்பேன்.

10. குட்டி வளர்ந்த பிறகு கிரிண்டல்

கோகோபீட்டை (தென்னை நார்த் தூள்) ஊறவைத்து, உப்புப் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, இறுகப் பிழியுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. டப்பாவில் மூன்று விரல் உயரம் போட்டு ஸ்டார்ட்டரைப் பரப்புங்கள். மேலே ஈர ஓட்ஸ் கொஞ்சமோ, பூனைத் தீவனம் நாலைந்து உருண்டையோ வைத்து, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் வில்லையைப் படுக்க வையுங்கள். தின்ன வரும் புழு வில்லையின் அடியில் மொய்க்கும். தூரிகையால் தண்ணீரில் தட்டினால் அறுவடை முடிந்தது. தின்று தீர்த்த பிறகுதான் அடுத்த உணவு, மிச்சம் இருந்தால் எடுத்துவிடுங்கள். நிலைபெற ஒரு மாதம் ஆகும், அதுவரை கை வைக்காதீர்கள். கொழுப்பு அதிகம் என்பதால் வளர்ந்த மீனுக்கு வாரம் மூன்று நாளுக்கு மேல் வேண்டாம்.

11. ஊருக்குப் போகும்போது

ஒரு வாரத்துக்குள் திரும்பிவிடுவீர்கள் என்றால் கிளம்பும் அன்று ஒரு புது மைக்ரோவார்ம் பெட்டி போட்டு, தண்ணீர்த் தட்டை நிறைத்துவிட்டுப் போங்கள். அதற்கு மேல் ஆகும் என்றால் ஒரு பெட்டியை நண்பரிடம் கொடுத்துவையுங்கள். வினிகர் பாட்டிலைத் தொட வேண்டாம். கிரிண்டல் டப்பாவில் வழக்கமான அளவு உணவு மட்டும் வையுங்கள். ஒரு வாரத்துக்கும் சேர்த்து வைத்தால் பூஞ்சைதான் தின்னும்.